வளைவில் உன் பக்கத்தை விடாதே!

சாலை விதி என்றதும் நம் ஜனங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? ரோட்டோரத்தில் நிற்கும் போலீஸ் ஜீப்பும், கையில் திணிக்கப்படும் அபராத ரசீதும்தான். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. விதியைச் சொல்லிக் கொடுப்பதில் இல்லாத அக்கறை, விதியைக் காட்டிப் பணம் வசூலிப்பதில் சர்க்காருக்கு இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தில், "ரோட்டு விதியெல்லாம் நமக்கு எதிரி" என்று நாம் முடிவு கட்டிவிட்டால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான்.

ஒரே ஒரு விதியைப் பற்றி இங்கே பேசுவோம். வளைவில் உன் பக்கத்திலேயே போ; எதிரே வருகிறவன் பக்கத்தில் சக்கரத்தை வைக்காதே என்ற விதி. கேட்பதற்கு இது சின்ன விஷயம். ஆனால் லாரியில் வருகிறவருக்குச் சுற்றிலும் இரும்புக் கூண்டு இருக்கிறது. காரில் வருகிறவருக்குப் பெல்ட்டும் காற்றுப் பையும் இருக்கின்றன. மொபெட்டில் மில்லுக்குப் போகிற தொழிலாளிக்கு என்ன இருக்கிறது? தலையில் ஒரு ஹெல்மெட். அதற்கு அப்பால் இந்த விதி ஒன்றுதான். ஆகவே இந்த விதி பணக்காரனைவிட ஏழைக்கே அதிகம் தேவை. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதே சமயம், அதைக் கடைப்பிடிக்கத் தகுந்த ரோட்டையும் நாம் கேட்டு வாங்க வேண்டும்.

யார் சாகிறார்கள்?

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, நெடுஞ்சாலையின் மேல் இருக்கிறது புதுச்சத்திரம். வழிப்போக்கர் தங்கிப் போன இடம் என்பதைப் பெயரே சொல்கிறது. முன்னே 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்றார்கள். இப்போது 44ஆம் எண் என்கிறார்கள். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற அந்தப் பெருஞ்சாலையில், வடநாட்டு டிரெயிலரும், நாமக்கல் முட்டை லாரியும், கோழித் தீவன லாரியும், பாடி கட்டப் பட்டறைக்குப் போகும் புது லாரிச் சேஸும் இரவு பகல் ஓடுகின்றன. அந்தச் சாலையில்தான் களங்காணி, பாச்சல், ஏளூர், திருமலைப்பட்டி என்று சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து கிளைச் சாலைகளில் வந்து ஏறுகிறார்கள் நம் ஆட்கள். நூல் மில்லுக்குப் போகிறவர், கோழிப்பண்ணைக்குப் போகிறவர், களை எடுக்கப் போகிற பெண்கள், பால் கேனோடு சொசைட்டிக்குப் போகிறவர், எல்லோருக்கும் இருசக்கர வண்டிதான் கால்.

மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். நடந்து போனவர்கள் நூற்றுக்கு 19 பேருக்கு மேல். இரண்டையும் கூட்டினால், செத்தவர்களில் பெரும் பகுதி கார் வைத்திருந்தவர்கள் அல்ல என்பது விளங்கும். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதல் இடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள். நாட்டின் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை ஏறக்குறைய நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் சாவில் நூற்றுக்கு 36 அங்கே நடக்கிறது.

இவர்கள் எல்லோரும் வளைவில் செத்தவர்கள் அல்ல. நேர்ச் சாலையில்தான் விபத்து அதிகம். ஆனால் நேர்ச் சாலையில் தவறு செய்தால் திருத்திக்கொள்ள ஒன்றிரண்டு விநாடி கிடைக்கும். வளைவில் அந்த அவகாசம் கிடையாது.

வளைவு ஏன் தள்ளுகிறது?

எந்த வண்டியும் நேராகப் போகத்தான் பார்க்கும். அதை வளைத்துக் கொண்டு போவது டயர் ரோட்டைப் பிடிக்கிற பிடிப்பு. வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் பிடிப்பு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. 30 கிலோமீட்டர் வேகத்தில் சுலபமாகத் திரும்பிய வளைவில் 60ல் போனால், டயருக்கு நான்கு மடங்கு வேலை. ரோட்டில் மணல் கிடந்தாலோ, மழைத் தண்ணீர் நின்றாலோ, லாரி சிந்திய டீசல் படிந்திருந்தாலோ அந்தப் பிடிப்பு அங்கே இல்லை. வண்டி நேராகப் போய்விடும்.

இன்னொன்று. இருக்கிற பிடிப்பைத் திரும்புவதற்கும் பிரேக்குக்கும் டயர் பங்கு போட்டுக்கொள்கிறது. வளைவின் நடுவில் வண்டி சாய்ந்திருக்கும்போது பிரேக்கைப் பலமாகப் பிடித்தால், திரும்புவதற்கான பங்கு போய்விடும், சக்கரம் வழுக்கும். ஆகவே வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் வளைவு அல்ல. வளைவுக்கு முன்னால், வண்டி நிமிர்ந்து நேராகப் போகிற இடம். அங்கேயே பிரேக் பிடித்து, கியரைக் குறைத்து, பிறகு ஒரே சீராக வளைவைக் கடக்க வேண்டும். பின்னால் மனைவி, முன்னால் குழந்தை, காலடியில் அரிசி மூட்டை என்று ஏற்றிக்கொண்டு போகிற மொபெட்டுக்கு இது இன்னும் அவசியம். சட்டம் பின்னால் ஒருவரைத்தான் ஏற்றச் சொல்கிறது. சுமை கூடக் கூட வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரமும் கூடும்.

எவ்வளவு தூரம்? சாலை போடும் எஞ்சினியர்களுக்கு இந்திய ரோடு காங்கிரஸ் வகுத்துக் கொடுத்த கணக்கு இருக்கிறது. ஓட்டுகிறவர் ஆபத்தைக் கண்டு, புத்தியில் உறைத்து, பிரேக் பிடித்து, வண்டி நிற்பதற்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 45 மீட்டர் வேண்டும்; 50ல் 60 மீட்டர்; 80ல் 120 மீட்டர். வளைவுக்கு அந்தப் பக்கம் கரும்புத் தோட்டமோ சோளக்காடோ மறைத்து, 25 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் 40ல் போவதே அதிகம். ஒற்றைத் தடக் கிராமச் சாலையில் எதிரே வருகிறவருக்கும் நிற்கத் தூரம் வேண்டுமே! ஆகவே கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பாதிக்குள் நிற்க முடிகிற வேகம்தான் அங்கே சரியான வேகம். இரவில் இன்னும் நிதானம் வேண்டும். ஹெட்லைட் நேராகத்தான் அடிக்கும். வளைவில் அது காட்டுவது ரோட்டை அல்ல, பக்கத்து வயலை.

வலது வளைவு வேறு, இடது வளைவு வேறு

"இடதுபக்கம் போ" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இரண்டு வளைவிலும் ஆபத்து ஒன்றல்ல. நம் பாதி ரோட்டை மனத்துக்குள் மூன்று பங்காகப் பிரித்துக்கொள்வோம்: மண் ஓரம் ஒட்டிய பங்கு, நடுப் பங்கு, நடுக்கோட்டை ஒட்டிய பங்கு.

ரோடு வலது பக்கம் வளைகிறபோது நம் கை தன்னாலே வலது பக்கம் இழுக்கும். மூலையை வெட்டிக்கொண்டு குறுக்கே போனால் தூரம் குறைவு, திருப்பமும் சுலபம் என்று தோன்றும். அங்கேதான் சாவு காத்திருக்கிறது. மோட்டார் சைக்கிள் சாய்ந்துதான் திரும்பும். வலது வளைவில் அது வலது பக்கம் சாயும். சக்கரம் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமே இருந்தாலும், சாய்ந்த உடம்பும் தலையும் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே லாரி வந்தால் சக்கரம் தப்பும், தலை தப்பாது. ஆகவே வலது வளைவில் நடுக்கோட்டுப் பங்கை அறவே விட்டுவிட வேண்டும். நடுப் பங்குக்கும் ஓரப் பங்குக்கும் இடையே போக வேண்டும். அதற்காக மண்ணில் இறங்கவும் கூடாது. வண்டிகள் ஒதுக்கித் தள்ளிய ஜல்லி அந்த ஓரத்தில்தான் குவிந்து கிடக்கும்.

இடது வளைவில் கதை வேறு. அங்கே வேகம் மிஞ்சினால் வண்டி நம்மை வெளியே, அதாவது வலது பக்கம், எதிரே வருகிறவர் முகத்துக்கு நேராகத் தள்ளும். அதற்குப் பயந்து ஒரேயடியாக இடது ஓரத்தைக் கட்டிக்கொண்டு போனாலும் ஆபத்து இருக்கிறது. வீட்டுச் சுவரோ வேலியோ மறைத்து, முன்னால் என்ன என்று தெரியாது. நிறுத்தி வைத்த டிராக்டரோ, நடந்து போகிற பெண்ணோ, மாடோ திடீரென்று முன்னே நிற்கும். ஆகவே நடுப் பங்கில் போக வேண்டும். வளைவுக்குள் நுழையும் முன் சற்று வலது பக்கமாக இருந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்ச தூரம் தெரியும். ஆனால் கோட்டைத் தொடக்கூடாது. எதிரே வண்டி தெரிந்தால் உடனே உள்ளே ஒதுங்க வேண்டும். கோடே போடாத பஞ்சாயத்து ரோட்டில், கோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு நம் பாதிக்குள் நிற்க வேண்டும்.

வளைவில் முந்தக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் சொல்லின. அவற்றுக்குப் பதிலாக 2017ல் வந்த விதிகளும் அதையே சொல்கின்றன. வளைவோ மேடோ முன்னால் மறைத்தால் முந்தாதே; தொடர்கோடு போட்டிருந்தால் அதைத் தாண்டாதே. பஸ்காரர் தாண்டுகிறார், கார்க்காரர் தாண்டுகிறார், நாம் தாண்டினால் என்ன என்று கேட்கலாம். அவர்கள் இடித்தால் தகரம் நசுங்கும். நாம் இடித்தால் எலும்பு நசுங்கும். வித்தியாசம் இதுதான்.

லாரியின் பின்சக்கரம்

நெடுஞ்சாலையில் ஏறி இறங்குகிற ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. நீளமான வண்டி திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். வண்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு அதிகமாக வெட்டும். அதனால்தான் டிரெயிலர்க்காரர் இடது பக்கம் திரும்புவதற்கு முன் வண்டியைச் சற்று வலது பக்கம் எடுப்பார். அதைப் பார்த்து, "லாரி வலது பக்கம் போகிறது, இடது பக்கம் இடம் இருக்கிறது" என்று இடைவெளியில் நுழைகிறவர், பின்சக்கரத்துக்கும் ரோட்டு ஓரத்துக்கும் நடுவே சிக்குவார். உயரத்தில் உட்கார்ந்திருக்கிற டிரைவருக்கு அந்த மூலையில் இருக்கிற மொபெட் தெரியாது. அவரும் நம்மைப் போல் கூலிக்கு ஓட்டுகிறவர்தான். அவர் மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை. திரும்பப் போகிற லாரிக்கு இடது பக்கத்தில் ஒருபோதும் போய் நிற்காதீர்கள். அதன் கண்ணாடியில் டிரைவர் முகம் நமக்குத் தெரியாவிட்டால், நாமும் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம்.

நாம் திரும்புகிற விதத்திலும் ஒரு வழக்கம் மாற வேண்டும். வலது பக்கம் திரும்ப வேண்டியவர் இடது ஓரத்தில் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று ரோட்டைக் குறுக்கே வெட்டுகிறார். விதி என்ன சொல்கிறது? வலது பக்கம் திரும்புகிறவர் முன்கூட்டியே சைகை காட்டி, பின்னால் பார்த்து, படிப்படியாக ரோட்டின் நடுப்பக்கம் வந்து, எதிரே வருகிறவரை விட்டு, இரண்டு ரோட்டின் நடுப்புள்ளியும் சேருகிற இடத்தைத் தாண்டிச் சுற்றி, புது ரோட்டின் இடது பக்கத்தில் சேர வேண்டும். மூலையை வெட்டக்கூடாது. இடது பக்கம் திரும்புகிறவர் தொடக்கத்திலிருந்து முடிவு வரை இடது ஓரமாகவே திரும்ப வேண்டும். இதற்கெல்லாம் கண்ணாடி வேண்டும். அழகு கெடுகிறது என்று வாங்கிய அன்றே கண்ணாடியைக் கழற்றி வீசுகிற இளைஞர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள்

புதுச்சத்திரத்தில் நின்று கிழக்கே பார்த்தால் கொல்லிமலை தெரிகிறது. வளைவுப் பாடம் படிக்க அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் நம் பக்கத்தில் இல்லை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏறுகிற சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலை ஜனங்கள் மிளகும் அன்னாசியும் வாழைத்தாரும் கீழே கொண்டுவருவதும், கீழேயிருந்து அரிசியும் சிமெண்டும் மேலே போவதும் அதன் வழியேதான். ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவுக்கு நாலா பக்கமிருந்தும் இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் ஏறுகிறார்கள்.

அங்கே பஸ் ஒன்று திரும்புவதற்கு முழு ரோடும் வேண்டும். வளைவின் உள்மூலையை வெட்டிக்கொண்டு இறங்குகிற மோட்டார் சைக்கிள், திரும்பிக்கொண்டிருக்கிற பஸ்ஸின் முகத்தில்தான் போய் முட்டும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச் சாலை விதி. ஏற்றத்தில் நின்றுவிட்ட பாரவண்டியை மறுபடி நகர்த்துவது கஷ்டம். அதனால் வந்த விதி இது. ஆகவே இறங்கும்போது வளைவுக்கு முன்னாலேயே ஹாரன் கொடுத்து, பஸ் தெரிந்தால் நின்று, அது திரும்பி முடித்த பிறகு இறங்க வேண்டும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருண்டு வருவது பெரிய தவறு. எஞ்சின் இழுத்துப் பிடிப்பதும் ஒரு பிரேக்தான். அதை விட்டுவிட்டு, சூடேறிப்போன பிரேக்கை மட்டும் நம்பி 70 வளைவும் இறங்க முடியாது.

நம் இடத்தைப் பறித்தது யார்?

இதுவரை நம் பொறுப்பைச் சொன்னோம். "இடது பக்கம் போ" என்று சொல்கிறவர்களைப் பார்த்து இப்போது ஒரு கேள்வி: அந்த இடது பக்கம் எங்கே?

கிராமச் சாலையில் பாதியில் பள்ளம். பள்ளத்தை மூடக் கொட்டிய ஜல்லி மீதிப் பாதியில். வளைவின் வெளி ஓரத்தை உயர்த்திப் போட வேண்டும், வளைவில் ரோட்டைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும் என்று எஞ்சினியர் புத்தகம் சொல்கிறது. உங்கள் ஊர் ரோட்டில் அது நடந்திருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். நெடுஞ்சாலையில் இடது ஓரத்தில் இரவில் விளக்கு இல்லாமல் லாரிகள் நிற்கின்றன. டிரைவர் தூங்குவதற்கு வேறு இடம் இல்லை என்றால் அவர் எங்கே நிறுத்துவார்? லாரி நிறுத்தும் இடம் கட்டித் தர வேண்டியவர் யார்?

நாலு வழிச் சாலையின் நடுவே சுவர் எழுப்பிவிட்டார்கள். எதிர்ப்புறத்து மில்லுக்கோ வயலுக்கோ போக வேண்டியவர் நெடுந்தூரம் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. அதனால் எதிர்த்திசையில் ஓரமாக ஓட்டிப் போகிறார். அது தவறு. உயிருக்கும் ஆபத்து. 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் எதிர்த்திசையில் ஓட்டுவதை அபாயகரமாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்து, 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சொல்கிறது. அந்தக் குறுக்கு வழியை விட்டுவிடுங்கள் என்று நாமும் சொல்கிறோம். ஆனால் தினம் நூறு பேர் எதிர்த்திசையில் வருகிற இடத்தில் சர்வீஸ் ரோடு ஏன் இல்லை, கீழ்ப்பாலம் ஏன் இல்லை என்றும் கேட்கிறோம்.

சாலையே கொல்லும் என்பதற்கு அத்தாட்சி வெகுதூரத்தில் இல்லை. இதே 44ஆம் எண் சாலையில் சேலத்துக்கு வடக்கே தொப்பூர் கணவாய் இருக்கிறது. சரிவும் வளைவும் சேர்ந்த இடம். பாரமேற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் போய் மோதுவது அங்கே பல ஆண்டுக் கதை. 2024 ஜனவரி 24 அன்று ஒரே விபத்தில் நாலு பேர் செத்தார்கள். கடைசியில் அந்தச் சரிவையும் வளைவையும் தவிர்க்க உயர்மட்டப் பாதை போடுவதென்று முடிவானது. அப்படியானால் கோளாறு டிரைவரிடம் மட்டும் இல்லை, ரோட்டிலும் இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

சட்டத்தின் 198ஏ பிரிவைப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 2019 திருத்தத்தில் வந்தது. சாலையை உரிய தரத்தில் அமைக்காமலும் பராமரிக்காமலும் விட்டு, அதனால் யாராவது இறந்தாலோ ஊனமுற்றாலோ, பொறுப்பான அதிகாரிக்கும் காண்டிராக்டருக்கும் அபராதம் உண்டு. எவ்வளவு? 1 லட்சம் ரூபாய் வரை. சிறை கிடையாது. ஹெல்மெட் இல்லாத கூலிக்காரருக்கு அதே சட்டம் வைத்திருப்பது 1,000 ரூபாய். அவருக்கு அது இரண்டு மூன்று நாள் கூலி. கோடிக்கணக்கில் காண்டிராக்ட் எடுக்கிறவருக்கு 1 லட்சம் எத்தனை நிமிஷ வருமானம்? தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். ஆனாலும் பிரிவு இருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

மில் முதலாளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. இரவு ஷிப்ட் முடித்து, எட்டு மணி நேரம் நின்று களைத்த தொழிலாளி விடியற்காலையில் வண்டியை எடுக்கிறார். கண் ஒரு விநாடி மூடினால் 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 11 மீட்டர் போய்விடும். ஒரு வளைவைத் தவறவிட அது போதும். ஷிப்டுக்கு ஆள் வேண்டும் என்கிறவர்கள், அந்த ஆள் வீடு போய்ச் சேரப் பஸ் விட வேண்டாமா?

நம் வீட்டுக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். அறுவடைக் காலத்தில் சோளத்தையும் ராகியையும் கொள்ளையும் தார் ரோட்டில் பரப்பி, வண்டிச் சக்கரத்தை வைத்தே அடித்துக்கொள்கிறோம். அதைச் சுற்றிக் கல்லை வேறு அடுக்குகிறோம். வளைவில் பாதி ரோட்டைக் கதிர் அடைத்துக்கொண்டால், வருகிறவர் எதிர்ப்பக்கம்தான் போவார். அல்லது கதிரில் ஏறி வழுக்குவார். விழுகிறவர் யார்? நம் பக்கத்து வீட்டுக்காரர்தான். பொதுக்களம் கட்டிக் கொடு என்று பஞ்சாயத்து யூனியனைக் கேட்போம். அது வரும் வரை வளைவில் மட்டுமாவது பரப்பாமல் இருப்போம்.

சக்கரம் நின்ற இடமும் நஷ்டஈடும்

வளைவில் எந்தப் பக்கம் போனோம் என்பது உயிரோடு முடிகிற விஷயம் அல்ல; குடும்பத்தின் சோற்றுக்கும் அதுவே கணக்கு. விபத்து நடந்த இடத்தைப் போலீசார் வரைபடமாக வரைகிறார்கள். வண்டி எந்தப் பக்கம் கிடந்தது, டயர் தேய்ந்த தடம் எங்கே என்று அதில் வரும். நஷ்டஈட்டு வழக்கில் இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் புரட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். "இறந்தவர் எதிர்ப்பக்கத்தில் வந்தார், அவருக்கும் தவறில் பங்கு உண்டு" என்று நிரூபித்துவிட்டால், அந்தப் பங்கு அளவுக்கு நஷ்டஈடு குறையும். அனாதையான குழந்தைகளின் பணத்தில் அந்த வெட்டு விழும்.

தெரிந்துகொள்ள வேண்டிய சில உரிமைகள் உண்டு. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தை, வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிலைநாட்டப்பட்டால், வேலையில் நடந்த விபத்தாகவே கொள்ள வேண்டும் என்று இஎஸ்ஐ சட்டத்தில் 2010ல் திருத்தம் வந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது இடம்பெற்றிருக்கிறது. இடித்துவிட்டு ஓடிய வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள திட்டப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும், படுகாயமுற்றவருக்கு 50,000 ரூபாயும் உண்டு. நஷ்டஈட்டு மனுவை 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது, தாமதிக்காதீர்கள். தொழிற்சாலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் இலவசச் சட்ட உதவி கேட்கும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் சர்க்கார் செலவில் சிகிச்சை தரும் திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கியது. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. ஆகவே பயந்து ஒதுங்காதீர்கள். 108க்குச் சொல்லிவிட்டு அருகில் நில்லுங்கள்.

முடியும் என்று காட்டிய நாடு

மோட்டார் சைக்கிளுக்குத் தனி வழி என்றால் நம் அதிகாரிகள் சிரிப்பார்கள். நம் தமிழ்த் தொழிலாளர்கள் கடல் தாண்டிப் போய் ரப்பர் தோட்டத்தில் பாடுபட்ட மலேசியாவைப் பார்க்கட்டும். அங்கேயும் உழைப்பாளியின் வண்டி மோட்டார் சைக்கிள்தான். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கிற பெடரல் நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனித் தடம் போட்டார்கள். லாரியும் மொபெட்டும் ஒரே வளைவில் உரசிக்கொண்டு திரும்ப வேண்டும் என்பது தலைவிதி அல்ல.

நாம் செய்ய வேண்டியது, கேட்க வேண்டியது

தோழர்களே! இன்றே நம் கையில் இருப்பவை இவை. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைப்போம். வலது வளைவில் நடுக்கோட்டை விட்டு விலகிப் போவோம். இடது வளைவில் வெளியே தள்ளப்படாத வேகத்தில் போவோம். வளைவில் முந்த மாட்டோம். திரும்பும் லாரிக்கு இடப்பக்கம் நுழைய மாட்டோம். மில் வாசலிலும் வயல் வரப்பிலும் இளைஞர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்போம்.

கிராமசபையிலும், பஞ்சாயத்து யூனியன் காரியாலயத்திலும், கலெக்டரிடமும் கேட்க வேண்டியவை இவை:

1. புதுச்சத்திரம் வட்டாரத்தில் நெடுஞ்சாலையில் சேருகிற கிளைச் சாலைகள் ஒவ்வொன்றிலும் விளக்கும், வேகத் தடையும், வளைவு அறிவிப்புப் பலகையும் வேண்டும்.

2. வளைவுகளில் ஜல்லி, மணல் அகற்றி, ஓரத்தைச் சமன் செய்து, நடுக்கோடு போட வேண்டும். பார்வையை மறைக்கும் முள்வேலியை வெட்ட வேண்டும்.

3. எதிர்த்திசையில் ஜனங்கள் வருகிற இடங்களைக் கணக்கெடுத்து, அங்கே சர்வீஸ் ரோடோ கடக்கும் வழியோ கட்ட வேண்டும்.

4. லாரிகளுக்கு நிறுத்துமிடமும், விவசாயிகளுக்குக் கதிரடிக்கும் களமும் வேண்டும்.

5. இரவு ஷிப்ட் நடத்தும் மில்கள் தொழிலாளிக்குப் பஸ் விட வேண்டும்.

6. ரோட்டுக் கோளாறால் உயிர் போனால் 198ஏ பிரிவின்படி வழக்குப் போட வேண்டும்.

ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால் பயன் இல்லை. ரோடு சரியாகும் வரை எப்படி வேண்டுமானாலும் ஓட்டுவோம் என்றால், ரோடு சரியாகும் நாளில் நாம் இருக்க மாட்டோம். நாம் ஒழுங்காக ஓட்டுவதோடு சரி என்று இருந்துவிட்டால், காண்டிராக்டர் போட்ட பள்ளம் அப்படியே இருக்கும். நம் பக்கத்தில் நாம் நிற்போம். அந்தப் பக்கத்தை ரோடாக வைத்துக் கொடு என்று சர்க்காரைக் கேட்போம். இரண்டும் நம் உரிமை.